செங்கல் சூளையில் மாட்டிக்கொண்ட குடும்பத்தைப் பார்த்துவிட்டால்

"எங்கம்மா செத்துட்டாங்கண்ணா. செங்கல்பட்டு வரைக்கும் ஏத்தினு போறியா? நாங்க நாலு பேருதான்."

விடியற்காலை நாலரை மணி இருக்கும். லாரியில் மூவாயிரம் கல் ஏற்றி முடித்து, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முழங்கால் வரை சேறு. அவன் பின்னால் மண் குழிக்குப் பக்கத்தில் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள், இன்னொரு பிள்ளை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு. "சரக்கு வண்டியில ஆள் ஏத்தக்கூடாதுப்பா" என்றேன். கேபினில் அந்த நேரத்திலேயே இரண்டு லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான்.

சாவுக்குப் போவதென்றால் அவன் மட்டும் போகலாம், மனைவியும் பிள்ளைகளும் சூளையில் இருக்க வேண்டும், மூன்றாம் நாள் வந்துவிட வேண்டும் என்று ஆட்களைக் கூட்டி வந்த மேஸ்திரி சொல்லியிருந்தானாம். லோடுமேன் ஒருவன்தான் வழியில் சாதாரணமாகச் சொன்னான். எனக்கும் அது சாதாரணமாகத்தான் பட்டது. 11 வருடம் செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, அதைத் தாண்டி ராணிப்பேட்டை வரை சூளை சூளையாகக் கல் ஏற்றியவனுக்கு, முன்பணம் வாங்கி வேலைக்கு வந்த அட்வான்ஸ் குடும்பம் என்பது மண் குவியல் மாதிரி, சூளையில் இருக்கிற ஒரு பொருள். எந்தச் சூளை என்று இங்கே சொல்லப்போவதில்லை. இப்படிக் கொத்தடிமையாக மாட்டிக்கொண்டவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். லாரி ஓட்டுகிறவர், சூளைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர், அங்கன்வாடியில் வேலை செய்கிறவர், வீடு கட்டக் கல் வாங்கப் போகிறவர், யாராக இருந்தாலும் பயன்படும். அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வாங்கிய எல்லோரும் கொத்தடிமை இல்லை. நானே முதலாளியிடம் வாங்கியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் வேறு வண்டிக்குப் போய்விடுவேன், கடன் மட்டும் கடனாக நிற்கும். சூளையில் கடனுக்குப் பதில் ஆள் நிற்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அது பார்ப்பதும் இதைத்தான்: முன்பணமோ கடனோ இருக்கிறதா, அதைக் காட்டி வேறு வேலைக்குப் போகவோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரவோ விடாமல் தடுக்கிறார்களா, அல்லது கூலியே இல்லாமலோ பேருக்கு ஒரு கூலியோ கொடுத்து வேலை வாங்குகிறார்களா. கடனோடு இதில் ஒன்று சேர்ந்தாலே போதும். அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால் அது பேருக்குக் கூலிதான். பூட்டு, சங்கிலி, அடியாள் எதுவும் இருக்க வேண்டியதில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வறுமையால் வேறு வழியில்லாமல் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான். "அவங்களா விரும்பித்தான் வந்தாங்க" என்று ஓனர் சொல்வதற்கு இதுதான் பதில். ஆனால் அந்தப் பதிலை நீங்கள் ஓனரிடம் சொல்லக்கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? "நீங்க கொத்தடிமையா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தையே அவர்களிடம் கிடையாது, இருந்தாலும் யாரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நான் கேட்பது வேறு. இருளர் பழங்குடிக் குடும்பம் என்றால், "மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனீங்களா?" என்பேன். மாசிப் பௌர்ணமிக்குக் கன்னியம்மாவைக் கும்பிட இருளர்கள் எங்கெங்கிருந்தோ மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து கூடுவார்கள். அந்த மணலில்தான் எத்தனையோ கல்யாணம் நடக்கும். பொங்கலுக்குப் பிறகு சூளை சூடு பிடித்துவிடும், மாசி என்பது கல் அறுக்கும் காலத்தின் நடு. "எங்கண்ணா வுடறாங்க" என்று பதில் வந்தால், பிறகு அதிகாரியிடம் கொடுக்கப்போகிற மனுவில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. "போனோமே, பெரிய பையன இங்க வுட்டுட்டுப் போனோம்" என்றால் முக்கால் மனு. ஒரு ஆளைப் பிணையாக வைத்துக்கொண்டுதான் மற்றவர்களை வெளியே அனுப்புகிறார்கள் என்பது அதன் அர்த்தம்.

அப்புறம் கேட்க வேண்டியது: போன சீசன் கணக்கு முடிந்ததா, எவ்வளவு மீதி என்று சொன்னார்கள், நோட்டை உங்களிடம் காட்டினார்களா, வாரச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள், சந்தைக்கு யார் போகிறீர்கள், உடம்பு சரியில்லாத நாளுக்கு என்ன செய்கிறார்கள். நான் பார்த்த ஒரு குடும்பம் 20,000 ரூபாய் வாங்கி வந்தது. இரண்டு சீசன் கல் அறுத்த பிறகு கடன் 34,000 ஆகியிருந்தது. கணக்கு எப்படிப் போனது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. சுடுவதற்கு முன்பே மழையில் கரைந்த பச்சைக்கல்லுக்குக்கூட இவர்கள் பேரில் பற்று எழுதியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

இதையெல்லாம் ஒரே நாளில் கேட்காதீர்கள், சூளைக்குள் வைத்தும் கேட்காதீர்கள். சந்தை நாள்தான் சரியான இடம். வாரம் ஒருமுறை அரிசி, மிளகாய் வாங்க வீட்டுக்கு ஒருவர் வருவார். டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். பெண்கள் சொல்வதில் விவரம் அதிகம் இருக்கும், ஆகவே உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது பேசினால் இன்னும் நல்லது. என் மனைவி பத்து நிமிடத்தில் கேட்டு வந்ததை நான் ஒரு மாதத்தில் கேட்டிருக்க மாட்டேன்.

கேட்டதை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். தேதி, யார் சொன்னது, எத்தனை குடும்பம், எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை, எந்த ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள், கூட்டி வந்த மேஸ்திரி பெயர், அட்வான்ஸ் தொகை, எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது. அடித்திருந்தால் என்றைக்கு, எதனால் அடித்தார்கள், யார் பார்த்தார்கள். சூளைக்குப் போர்டு இருக்காது, பெரும்பாலும் புறம்போக்கு ஒட்டி எங்கோ இருக்கும். அதற்கு லாரிக்காரன் தெரிந்த ஒரு வழி: கல்லின் நடுவில் பள்ளத்தில் ஓனரின் முத்திரை எழுத்து இருக்கும். ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். எந்தச் சூளை, யாருடையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். செல்போன் மேப்பில் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைப் படம் எடுக்க வேண்டாம், முக்கியமாகப் பிள்ளைகளை. அந்தப் படம் யார் கண்ணில் பட்டாலும் அடி விழுவது அவர்கள் முதுகில்தான்.

அடுத்தது, அவர்களுக்கு வெளியே வர விருப்பமா என்று கேட்பது. இதை நான் ஆரம்பத்தில் தவறவிட்டேன். நாம் மீட்கிற வேகத்தில் கேட்கவே மறந்துவிடுகிறோம். சிலர் இப்போது வேண்டாம், சீசன் முடியட்டும் என்பார்கள். ஊரில் மச்சானும் அதே ஓனரிடம் கடன் பட்டிருப்பான், அவன் கதி என்னாகும் என்ற பயம் இருக்கும். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஆனால் பிள்ளைகள் வேலை செய்தாலோ, அடிதடி இருந்தாலோ, யாருக்காவது உடம்பு மோசமாக இருந்தாலோ காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு 1098. உயிருக்கு ஆபத்து என்றால் 112. யோசிக்காமல் அழையுங்கள்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். அம்மா செத்ததற்குப் போக முடியாதவனை நான் விட்டுவிட்டு வந்த மூன்றாம் வருடம், வேறொரு சூளையில் நான்கு குடும்பங்களைப் பற்றி எனக்கு முழு விவரமும் தெரிந்தது. இந்தத் தடவை சும்மா இருக்கக் கூடாது என்று உள்ளூரில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அருகில் இருந்த காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னேன். காலை பதினொரு மணிக்குச் சொன்னேன். இரவு எட்டு மணிக்கு டிராக்டர் வந்து நான்கு குடும்பங்களையும் ஏற்றிப் போய்விட்டது. மறுநாள் போனால் களத்தில் பச்சைக்கல் மட்டும் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. குடிசையில் ஒரு அலுமினியப் பானை கிடந்தது, உலை வைத்த சோறு அப்படியே இருந்தது. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரிய ஐந்து வாரம் ஆயிற்று, அதுவும் இன்னொரு டிரைவர் தற்செயலாகச் சொல்லித்தான்.

ஆகவே: ஓனரிடம் பேசாதீர்கள், மேஸ்திரியிடம் பேசாதீர்கள், ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள் மூலமாகப் போகாதீர்கள். யாரிடம் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கொத்தடிமை ஒழிப்பை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது, அவர் தனக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பார். நடைமுறையில் நீங்கள் பார்க்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர், சில கோட்டங்களில் சார் ஆட்சியர். கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டாம். நல்லவராகவே இருந்தாலும் அவர் அதே ஊரில் குடியிருக்க வேண்டியவர். கோட்டாட்சியரை நேரில் பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில், "ஒரு சூளை விஷயம், வெளியே தெரிந்தால் ஆட்களை மாற்றிவிடுவார்கள்" என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் ஆட்சியரிடம் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கூட்டத்தில் மனு பத்து கை மாறும் என்பது என் பயம். கவர் ஒட்டிக் கொடுங்கள்.

மனுவில் அலங்காரம் வேண்டாம். "மனிதநேயமற்ற கொடூரம்" என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். அந்த நான்கு குடும்பங்களும் இருக்கிற இடம் தெரிந்த பிறகு நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஐயா, இன்ன வட்டம் இன்ன கிராமத்தில் ஏரிக்கரைக்குத் தெற்கே உள்ள செங்கல் சூளையில் நான்கு குடும்பங்கள், மொத்தம் 17 பேர், அதில் 7 பிள்ளைகள், முன்பணம் பெற்று வேலை செய்கிறார்கள். குடும்பம் ஒன்றுக்கு வாரம் 400 ரூபாய் மட்டும் தரப்படுகிறது. குடும்பத்தோடு வெளியே செல்ல அனுமதி இல்லை. இன்ன தேதியில் வெளியேற முயன்ற ஒருவர் திரும்பக் கொண்டுவரப்பட்டு அடிக்கப்பட்டார். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-ன்படி விசாரித்து, விடுவித்து, விடுதலைச் சான்றிதழ் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். இவர்கள் பழங்குடியினர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் நடவடிக்கை வேண்டும்."

கடைசி வரி முக்கியம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைச் சட்டத்திலும் குற்றம். 1976 சட்டத்தில் மட்டும் வழக்குப் போட்டால் அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம், அபராதம் 2,000 ரூபாய். அந்த 2,000 இன்றைக்கு ஒரு லோடு கல்லின் மூலைக்குக் காணாது. மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். நகலைத் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பிவையுங்கள், இணையத்திலேயே அனுப்பலாம். வக்கீல் தேவைப்பட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேளுங்கள், இப்படிப்பட்டவர்களுக்குச் செலவில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

உங்கள் பெயரைப் போடலாமா? போடாமலும் தகவல் தரலாம். ஆனால் பெயரில்லாத கடிதத்தை விசாரிக்க ஒரு அதிகாரிக்கு நல்ல மனசு வேண்டும், பெயரோடு ஒப்புகை வாங்கிய மனுவை விசாரிக்காமல் இருக்கத்தான் அவருக்குத் துணிச்சல் வேண்டும். நான் போட்டேன். அந்த வருடம் மூன்று சூளைகள் எனக்கு லோடு கொடுக்கவில்லை. வண்டித் தவணை இரண்டு மாதம் பின்தங்கியது. இதை மறைத்துவிட்டு உங்களைப் போகச் சொல்வது சரியில்லை. பிழைப்பு அந்தச் சூளைகளை நம்பித்தான் என்றால் உங்களுக்காக வேறொருவர் பெயரைப் போடட்டும், நோட்டை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

ஒருவர் மனமிரங்கி, "அந்தக் கடனை நானே கட்டி அனுப்பிவிடுகிறேனே" என்பார். என் சகலை அப்படித்தான் கிளம்பினார், பணத்தையும் எடுத்து வந்துவிட்டார். கட்டாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போய்விட்டது. செத்த கடனை வசூலிப்பது தனிக் குற்றம், அதற்கும் மூன்று வருடம்வரை சிறை உண்டு. நீங்கள் 34,000 கட்டினால் ஓனர் அதே பணத்தில் இரண்டு புதுக் குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பான். வெளியே வந்தவர்களுக்கும் சான்றிதழ் இருக்காது, வெறுங்கையாய் நிற்பார்கள்.

அதிகாரிகள் சூளைக்குப் போகிற நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: தொழிலாளர்களை ஓனர் கண்ணுக்கு எதிரே விசாரிக்கக் கூடாது, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துவந்து தனியாக விசாரிக்க வேண்டும். சூளையில் வைத்துக் கேட்டால் எல்லோரும் "நல்லா பாத்துக்கறாங்க சார்" என்பார்கள். நாங்கள் மனு கொடுத்த குடும்பங்களே முதல் அரைமணி நேரம் அப்படித்தான் சொன்னார்களாம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், சார் அரைமணியில் ஜீப்பில் போய்விடுவார், மேஸ்திரி ராத்திரியும் அங்கேதான் இருப்பான். நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்ட பிறகு ஒரு பாட்டி பேச ஆரம்பித்தார், அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. கொத்தடிமை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஓனருடையதே தவிர இவர்களுடையது இல்லை என்பதையும் மரியாதையாக நினைவூட்டுங்கள். சட்டத்தின் 15-ஆம் பிரிவு.

அன்றைக்கு சமரசம் பேச ஆள் வரும். "கணக்கு முடிச்சு, பஸ் காசும் கொடுத்து அனுப்பிடறோம், எதுக்கு கேஸு" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் கிடையாது. அந்தக் காகிதத்தை வாங்காமல் ஒரு குடும்பமும் ஊருக்கு பஸ் ஏறக் கூடாது. ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றால் ரொம்பவே முக்கியம், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கிருந்து சான்றிதழ் வாங்குவது லேசான காரியம் இல்லை. அதை வைத்துத்தான் மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். முன்பு இது 20,000-ஆக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். இதற்கென்று ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி வைத்திருக்க வேண்டும், ஆகவே "இன்னும் ஃபண்ட் வரல" என்றால் அந்த மாவட்ட நிதியைக் கேளுங்கள். அதற்கு மேல் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இரண்டு லட்சம், கொடுமை அதிகமான சில நிலைகளில் மூன்று லட்சம் என்று இருக்கிறது. அது வழக்கோடு சேர்ந்து இழுக்கும். இப்போதைக்கு அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

பேப்பரில் போட்டோ வந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் நிஜமான வேலை. அங்கேதான் பெரும்பாலானவர்கள் கைவிட்டுவிடுகிறோம், நானும் முதலில் கைவிடத்தான் இருந்தேன். ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தின் முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். ரேஷன் கார்டு இல்லை, அல்லது யாரிடமோ அடகு இருக்கிறது. பேங்க் கணக்கு இல்லாததால் அந்த 30,000 வந்து சேரவில்லை. கூரை இற்றுப்போயிருக்கிறது. மூன்றாவது வாரம் வேறொரு மேஸ்திரி வருவான், பத்தாயிரத்தை எண்ணிக் கையில் வைப்பான். அவனைத் தவிர வேறு யாரும் அந்த வாசலுக்கு வந்திருக்க மாட்டார்கள். அப்படி எங்கள் நான்கு குடும்பத்தில் ஒன்று திரும்பப் போய்விட்டது.

ஆகவே மூன்றாவது வாரத்துக்கு முன்னால் நீங்கள் போங்கள். போகும்போது இருபத்தைந்து கிலோ அரிசியும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஒரு ஆளும் கூடப் போனால் போதும். ஆதார், பேங்க் கணக்கு, ரேஷன் கார்டு, இந்த வரிசையில். பழங்குடிச் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், மனு கொடுத்தபோது பழகிய அதே அலுவலகம், அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்டால், கல்வி உரிமைச் சட்டப்படி அது இல்லாமலே வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியை நான் வாயைத் திறப்பதற்குள் சேர்த்துக்கொண்டார். பதினோரு வயதுப் பையன், பேனா பிடிக்கத் தெரியாது. ஆனால் ஆயிரம் வரை சரியாக எண்ணினான். கல் எண்ணிப் பழக்கம்.

இப்போது நான் லாரி ஓட்டுவதில்லை, சிமென்ட் கடை வைத்திருக்கிறேன். கல் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குச் சூளை சொல்வதற்கு முன் நானே ஒருமுறை சந்தை நாளில் போய் வருகிறேன். அம்மா செத்ததற்கு வண்டி கேட்டவனைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே.

மீதி மூன்று குடும்பத்தார் போன வாரம் கடைக்கு வந்தார்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போக வேண்டும், பழைய லாரியை யாரிடமாவது கேட்டு ஓட்டி வர முடியுமா, டீசலில் பாதி நாங்கள் போடுகிறோம் என்றார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வேன் பேசியிருக்கிறேன். எல்லோரும் காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும்.